ஜன்னலோரக் கதிரை

நாளைக்கு நிலூஷி வருகிறாள்,
கொட்டாஞ்சேனையில்
லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாம் மாடிக்கு,
மகனின் கையைப் பிடித்துக்கொண்டு.
நான் கதிரையைத் துடைக்கிறேன்.

அதன் முன்னங்கால் ஒன்று கட்டை.
அடியில் எட்டாய் மடித்த மின்சார பில்.
எண்பத்தொன்பது நவம்பர் என்று
ஓரத்தில் இன்னும் வாசிக்கலாம்.
மடித்து வைத்தவர் மதலேனா மாமி.

கலியாணமாகி வந்த மூன்றாம் நாள், இரவு ஏழு மணி.
வீடு முழுவதும் முழந்தாளில்.
மாமியின் விரலில் செபமாலை உருள,
வெள்ளவத்தை மெதடிஸ்தக்காரி நான்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
குசினி வாசலில் நின்றேன்.
மாமி செபத்தை நிறுத்தவில்லை.
ஒரு மந்திரம் முடிந்து மற்றது தொடங்குமுன்
கதிரையை ஜன்னலோரம் தள்ளிவிட்டார்.
"நிண்டா கால் நோகும். இரி."

அவ்வளவுதான்.
சாகும்வரை ஒருநாளும்
என்னை முழங்காலிடச் சொன்னதில்லை.

புனிதை என்று சொல்ல வரவில்லை.
கறியில் உப்புக் குறைந்தால் தெருமுனைக்குக் கேட்கும்.
பூப்போட்ட கோப்பைகளை அலுமாரியில் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் படுப்பார்.
என் முதல் பிள்ளை தங்காமல் போன அன்று
அந்தச் சாவியை எடுத்தார்.
பூக்கோப்பையில் தேத்தண்ணீர் தந்தார்.
நான் குடித்து முடிக்கும்வரை
சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அம்மா வேறு மாதிரி.
அன்னலட்சுமி ரீச்சர்.
காணிக்கை நோட்டுகளைச் சனி இரவு
அயன் பண்ணி வைக்கிறவள்.
"கசங்கினதைக் கடைக்காரனுக்குக் குடு,
ஆண்டவருக்குக் குடுக்காதை."
சுருவம் வைத்த வீடென்று
பதினொரு வருஷம் இந்தப் படி ஏறவில்லை.
ஆனாலும் மாதம் தவறாமல்
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் வந்து
சந்தி மருந்துக்கடை வாசலில் நின்று
ஒரு பையைத் தந்துவிட்டுப் போவாள்.
ஒருமுறை பைக்குள் தனியே சுற்றிய கருவாடு,
நல்ல பாரை.
யாருக்கென்று எழுதியிருக்கவில்லை.
யார் தந்ததென்று மாமியும் கேட்கவில்லை.
பொரித்து, நடுத்துண்டைத் தனக்கே வைத்துக்கொண்டார்.

மாமிக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு மழைக்காலம்.
அம்மா படியேறி வந்தாள்,
ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று.
இந்தக் கதிரையில்தான் இருந்தாள்.
மாமியின் கையிலிருந்து மணிகள் நழுவி விழுந்தன.
அம்மா குனிந்து எடுத்தாள்.
திருப்பிக் கொடுக்கவில்லை.
தன் விரலிலேயே வைத்து
ஒன்றொன்றாய் நகர்த்தினாள்.
வாய் திறக்கவில்லை. செபமும் சொல்லவில்லை.
மாமி குழறிக் குழறிச் சொன்னதற்கு
எண்ணிக்கை மட்டும் பிடித்தாள்,
கணக்கு ரீச்சர் அல்லவா.
பத்து முடிந்தபோது "ம்" என்றாள்.
மாமி அடுத்ததைத் தொடங்கினார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று
வெங்காயமே இல்லாமல் அழுதேன்.

இப்போது ஒருவர் மாதம்பிட்டியில்,
மற்றவள் பொறளைக் கனத்தையில்.
நவம்பரில் ஒரே ஆட்டோவில்
இரண்டு இடத்துக்கும் போய்வருவேன்.

நிலூஷி கம்பஹாக்காரி. பௌத்த வீட்டுப் பிள்ளை.
தமிழில் "சாப்பிட்டீங்களா" மட்டும் தெரியும்.
அதையே போனில் மூன்று தரம் கேட்டாள்,
நான் மூன்று தரமும் ஓம் என்றேன்.
வைத்த பிறகு என் நாக்கில் ஒரு வசனம் வந்து நின்றது:
"எங்கட வீட்டில இப்பிடித்தான்."
யாரும் கேட்காமலே வந்த வசனம்.
அதை விழுங்கிவிட்டு
நாளைய காணிக்கை நோட்டுகளைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

கதிரைக்குப் புதுக்கால் போடுவோம் என்கிறார் கிளாரன்ஸ்.
போடலாம், பிறகு.
ஏழு மணிக்கு அவள் எங்கே நிற்பாளோ தெரியாது.
கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இருந்து பார்த்தேன்.
ஆடவில்லை. துறைமுகக் காற்று வருகிறது.

சாவியைத் தேடி எடுத்தேன்.
பூக்கோப்பைகளில் நாலுதான் மிச்சம்,
ஒன்றுக்குக் காது இல்லை.
நாலையும் கழுவிக் கவிழ்த்தேன்.