கோடு

டோல்மின் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். மார்ச் குளிர்.
செவிலி ஸ்டென்கா சொல்கிறாள்: குனி.
கைகளைச் சேர்த்துக் குனிகிறாள் நேஜா,
ஆற்றில் பாயப் போகிறவளைப்போல.
முதுகின் குறுக்கே வைத்த கருவியில்
வளைந்த கண்ணாடிக் குழல்,
அதற்குள் ஒரு குண்டு.
வலப்பக்கம் மேடு.
குண்டு இடப்பக்கம் உருண்டு
ஏழில் நின்றது.

படகாலதான், என்றாள் நேஜா.
வலக்கைத் துடுப்புக்குத்தான் வலு அதிகம்.

துடுப்பு ஒரு பாவமும் செய்யவில்லை, என்று
பேனாவை மூடினாள் ஸ்டென்கா.

அத்தை மிலோய்காவின் அலமாரியில்
இருபத்து மூன்று படங்கள்.
நாலு மாதத்துக்கு ஒன்று.
மூச்சை இழு. பிடி. அசையாதே.
இப்போதும் ஆண்டு தவறாமல்
மார்பைச் சோதித்துக்கொள்ளப் போகிறாள்.
ஏனென்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

லூப்லியானாவில் ஓர் இருட்டறை.
கதிர் இல்லை,
வெறும் விளக்கு. அதன்முன்
நெருக்கமாய் நூல் கட்டிய சட்டம்.
மூச்சு விடலாம், என்றான் இளைஞன் அல்யாஷ்,
இயல்பாய் நில்.
இரண்டாய் மடிந்த கொசுவலையில்
அலை ஓடுமே, அப்படி
நிழல்மேல் நிழல் விழுந்து
முதுகெங்கும் கோடுகள்.

கொராஸ்ட் நில அளவையாளர்.
கோடு நெருங்கினால் செங்குத்து,
விலகினால் நடக்கலாம்:
முப்பது வருடம் இப்படித்தான் மலைகளைப் படித்தார்.
படிக்காமல் இருக்க முடியவில்லை.
வலத் தோள்பட்டையில் ஐந்து வளையம்,
இடதில் மூன்று.
நடுவே
நேரே இறங்காத ஒரு பள்ளத்தாக்கு.

அவர் அறியாத என் மொழியில்
வரைவதும் கோடு, மலையுச்சியும் கோடு,
ஆற்றின் கரையும் கோடு.
வளைந்தால்
கோடியது என்போம்.

வெளிச்சம் தோலைத்தான் பார்க்கும், என்றான் அல்யாஷ்.
எலும்பைப் பற்றி ஊகிக்கலாம், அவ்வளவுதான்.
ஆறு மாதம் கழித்து வாருங்கள்.
கோடுகள் நகர்ந்திருந்தால்
ஒரு படம். ஒன்றே ஒன்று.

கொராஸ்ட் தலையாட்டினார்.
கார் நிறுத்தச் சீட்டு
கையில் நான்காய் மடிந்திருந்தது.

நான் பாக்கலாமா?
சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் நேஜா.
அதுவரை யாருக்கும் தோன்றவில்லை,
அந்த அறையில் அவள் ஒருத்திதான்
அந்த முதுகைப் பார்த்ததில்லை.

திரையை அவள் பக்கம் திருப்பினான்.
ஸ்வெட்டரை மார்போடு பிடித்துக்கொண்டு
நெடுநேரம் நின்றாள்.
பிறகு விரல் வைத்தாள்,
வளையங்கள் நெருங்கும் இடத்தில்:

இங்க தண்ணிக்கடியில பாறை இருக்கும்.
படகை இடப்பக்கமாத்தான் எடுக்கணும்.