எண் ஏற ஏற ஈயம் சிறுக்கும்

நார்த் பிரிட்ஜ் சாலைக் கடையில்
தோட்டா விற்கிறேன்.
ஒருமுறையும் சுட்டதில்லை.
விலைப்பட்டியல் சொல்வதைச் சொல்கிறேன்:
எண் ஏற ஏற ஈயம் சிறுக்கும்.
எட்டு, சேற்று உள்ளானுக்கு.
ஐந்து, பச்சைப் புறாவுக்கு.

மண்டாயிலிருந்து பஸ் மாறி வந்த பூன் தெக்
கண்ணாடி மேசைமேல் வைத்தார்
பாதி மரவள்ளிக் கிழங்கை.
பல்தடம்.
"பாபி" என்றார்.
எட்டாம் எண் போதுமாம்,
பயந்து ஓடினால் சரியாம்.

ஓடும், என்றேன் உடைந்த மலாயில்.
தோலுக்கடியில் மணல்மணலாய் ஈயத்தோடு ஓடும்.
மூன்றாம் நாள் எங்கே கிடக்கிறதென்று
ஈக்கள் வந்து சொல்லும்.
இரக்கமென்றால் ஒற்றைக் குண்டு,
கட்டைவிரல் பருமன்.
சொன்ன குரல்
யாரோ வேட்டைக்காரனுடையது.

இரண்டு வாங்கினார்.
உரிமப் புத்தகத்தில் முத்திரை குத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை
இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார்,
வியர்வையில் ஊறி அட்டை உப்பியிருந்தது.

நல்ல நிலாவாம்.
பதினைந்தடியில் நின்றதாம், தோளைக் காட்டி.
அதன் பின்னால் சுலைமான் வீட்டு அத்தாப்புச் சுவர்.
சுவருக்குப் பின்னால்
ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"குண்டு எங்கே போய் நிற்குமென்று
உன் புத்தகத்தில் இருக்கிறதா?"

எவ்வளவு தூரம் போகும் என்பது இருந்தது,
கெஜக் கணக்கில்.

விற்ற தோட்டாவைத் திரும்ப எடுக்கக் கூடாது.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
என் சட்டைப்பையில் ஒன்றரை வெள்ளி இருந்தது,
அதைத் தள்ளினேன். அவர் தொடவில்லை.
ஈரத் தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"கிழங்கு?" என்றேன்.

"தின்றது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது."