இரண்டு மில்லி

முப்பத்தோராம் வாரத்திலேயே வந்துவிட்டாள்.
ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம்.
பெட்டியில் ஒட்டிய சீட்டில்
என் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்:
பேபி ஆஃப் வினோதா.

திருவாரூர் மெடிக்கல் காலேஜ், இரண்டாம் மாடி.
செருப்பை வெளியே விட்டு
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிழிகிறேன்.
முதல் நாள் அரைமணி நேரத்தில்
கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்தது.
"மஞ்சளா இருக்குல்ல, அதுதாம்மா வேணும்"
என்ற ஜெசிந்தா சிஸ்டர்
ஒரு சொட்டைக் கன்னத்துக்குள் தடவினாள்.
உதடு அசைந்தது.
மீதி குழாய்க்கு.

வாய் வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்,
பூக்கட்டும் நூலைவிடக் கொஞ்சம் தடிமன்.
சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு
மேலே தூக்கிப் பிடித்தால்
பால் தானாக இறங்கும். தள்ளக் கூடாது.
இரண்டு மணிக்கொருதரம் இரண்டு மில்லி.

அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கர்.
வெண்ணாற்றுக் கிளை ஒன்றில்
ஷட்டர் திருப்புகிறவர்.
கண்ணாடிக்கு வெளியே நின்று
"கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லு,
மட்டம் ஒசந்தா வேகமாப் போவும்" என்றார்.
சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு கையைத் தாழ்த்தினாள்.

பகலெல்லாம் கன அடி எழுதும் கை
இரவில் நாற்பது பக்க நோட்டில் எழுதியது:
நாலு மணி, 2.
ஆறு மணி, 2.
எட்டு மணி, 2.5.
அந்த அரைக்கு அடிக்கோடு.

ஒன்பதாம் நாள்
கொடுக்கும் முன் இழுத்துப் பார்த்த சிரிஞ்சில்
பச்சையாக வந்தது.
வயிறு உப்பி மினுங்கியது.
டாக்டர் நிறுத்தச் சொன்னார்.
அவளுக்கு நிறுத்திவிட்டார்கள்,
எனக்கு யார் நிறுத்துவது?
இரவு மூன்று மணிக்கும் பிழிந்தேன்.
பேரும் நேரமும் ஒட்டி பிரிட்ஜில் வைத்தார்கள்.
"புள்ள போட்டோவப் பாத்துக்கிட்டே பிழிங்க, இறங்கும்"
என்று செல்போனை என் முன் சாய்த்து வைத்தாள்
கூத்தாநல்லூர் ஹிதாயா.
படத்தில் இருந்தது அவள் பிள்ளை.
அதற்கும் இறங்கியது.

தண்ணீர் இல்லாத நாளிலும்
காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்த்து
சைபர் எழுதிவைப்பது அவர் வேலை.
நோட்டிலும் எழுதினார், மூன்று நாள்.
0. 0. 0. 0.
ஒரு வரி விடாமல்.

பிறகு ஒரு மில்லி.
பிறகு ஒன்றரை.
தவளை மாதிரி காலை மடக்கி
என் நெஞ்சோடு கட்டிவிட்டார்கள்.
குழாயில் பால் இறங்கும் நேரம்
பிழிந்து முடித்த மார்பில் வாயை வைக்கச் சொன்னார்கள்.
ஒன்றும் வராது, பழகட்டும்.
சப்பினால் வயிறு நிறையும் என்று
அவளாக நினைத்துக்கொள்ளட்டும்.

முப்பத்துநாலாம் வாரம் பாலாடை.
நிமிர்த்தி மடியில் வைத்து
உதட்டோரம் அதன் மூக்கைச் சாய்த்து
ஊற்றாமல் காத்திருக்க வேண்டும்.
ஒரு மிடறு. மூச்சு.
ஒரு மிடறு.
மூச்சை மறந்துவிட்டாள்.
மெஷின் கத்தியது, உதடு நீலமானது,
சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டினாள்.
வீலென்று ஒரு சத்தம், பூனைக்குட்டி அளவுக்கு.
கழுத்துத் துணியில் பாதிப் பால்.
"சிந்துனதக் கழிச்சுட்டு எழுதுங்க."
லஸ்கர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்:
கசிவு.

முப்பதாம் நாள் மார்பைப் பிடித்தாள்.
மூன்று இழுப்பு. ஓய்வு.
நாலு. நீண்ட ஓய்வு.
தொண்டையில் 'க்' என்று ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்கிற அளவு.
தூங்கிப்போனாள்.

வெளியே வந்தேன். பேனாவோடு நின்றார்.
"எவ்வளவு?"
தெரியல.
"சும்மா ஒரு குத்துமதிப்பா?"
தெரியலங்க. இதுல கோடு போட்டிருக்கா என்ன?

நேரத்தை எழுதினார்.
எதிரே பேனாமுனையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து
'ஓடுது' என்று எழுதினார்.

எட்டு மணிக்கு மறுபடி பாலாடை.
இருபது. கசிவு மூன்று.