வீட்டு வரி

ஐப்பசி பிறந்தால் சமையலறைக் கதவு
நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.
தை கழியும்வரை அதைச் சாத்துவதில்லை.
பூனைக்குத் தெரியும் இந்தக் கணக்கு,
பால் பாத்திரத்தை அலமாரிக்குள் பூட்டும் எனக்கும்.
இங்கேயே பிறந்த அரசிக்குத்தான்
வருஷா வருஷம் புதிதாய்க் கோபம் வரும்:
"இந்தக் கதவுக்கு என்ன கேடு?"

நான் பிறந்தது விருத்தாசலம் ரயில்வே குவார்ட்டர்ஸில்.
மூன்று வருஷத்துக்கொரு வீடு.
ஆணி அடித்தால் அபராதம் என்று
அப்பா காலண்டரையும் ஜன்னல் கம்பியில்தான் மாட்டுவார்.
கடலூர் ஓ.டி.க்கு வந்து இறங்கியபோது
கையில் ஒரு டிரங்குப் பெட்டி,
முதுகுக்குப் பின்னால் 'வீட்டோடு மாப்பிள்ளை'.
மாமனார் அதிகம் பேசமாட்டார்.
முதல் மழையன்று ஒரு பித்தளைத் தவலையை நீட்டி
"கூடத்துல, மூணாவது உத்திரத்துக்குக் கீழே" என்றார்.
சீர் என்று அவர் கையால் வாங்கியது
அது ஒன்றுதான்.

இருபத்தாறு வருஷம்.
தவலை போய் பெயின்ட் டப்பா வந்தது.
ஒழுகல் மூணாவது உத்திரத்திலிருந்து
நாலாவதுக்கு நடந்து போனது,
பின்னாலேயே நானும்.

உப்பனாற்றைத் தாண்டினால் கடல்.
இரும்பு என்று எதை வைத்தாலும்
இரண்டு ஆடிக்குள் பிஸ்கட்டாய் உதிரும்.
ஆடிக்காற்றில் கொண்டிகள் விடிய விடியப் பேசும்.
சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகி
ஒவ்வொன்றாய் வாயடைப்பேன்.
தெற்கே இருந்து அடித்தால் சிப்காட்,
கிழக்கே என்றால் கருவாடு.
எந்த ஜன்னலைச் சாத்துவதென்று
தூக்கத்திலேயே மூக்கு சொல்லிவிடும்.

சித்திரையில் கிணறு கரிக்கத் தொடங்கும்.
அதுதான் மாடிக்குப் போகும் காலம்.
ராயப்பன் கொத்தனார் வருவார்,
சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம்.
எறும்பு முந்துவதற்குள்
தளம் அந்த வெல்லத்தைக் குடித்தாக வேண்டும்.
கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று.
பெருங்காயம் வைத்து அடைத்தோம்,
ஆசிட் ஊற்றினோம்,
அடுத்த மழைக்கு இரண்டு இலை கூடுதலாய் விட்டது.
"புடுங்கினா சொவரு வந்துடும் சார்.
உட்டாலும் வரும். மெதுவா வரும்" என்றார்.
மெதுவாக வரட்டும் என்று விட்டேன்.
தளிரை மட்டும் கிள்ளுகிறேன்.

அரசி மேடவாக்கத்தில் ப்ளாட் பார்க்கிறாள்.
ஆறாவது மாடி.
போனில் வந்த படங்களில்
சுவர்கள் பாட்டுக்கு நிற்கின்றன,
யாரும் பார்த்துக்கொள்ளாமலே.
"நீங்க கட்டிக்கிட்டது இந்த வீட்டை, என்னை இல்ல."
சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.
பாதி நாள்.

பெருவெள்ளம் வந்த கார்த்திகையில்
கூடத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர்.
வடிந்த பிறகு சுவர் முழுக்க
ஒரே மட்டத்தில் பழுப்பாய் ஒரு வரி.
எந்தக் கொத்தனாரும் அத்தனை நேராய் இழுத்ததில்லை.
வெள்ளையடிக்க வந்த பையன்
பீரோவுக்குப் பின்னாலும் பிரஷ்ஷை நீட்டினான்.
அங்கே வேண்டாம் என்றேன்.
ஏன் சார் என்றான்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க
பீரோவை நகர்த்தினால்,
அந்த வரிக்கு மேலே
பென்சிலில், சின்னதாய், வெள்ளம் வந்த தேதி.
ஏழுக்கு நடுவில் கோடு போடும் பழக்கம்
இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.
கேட்கவில்லை.
தரையில் கீறாமல் பீரோவைத் தள்ளி வைத்தேன்.

மாசியில் நகராட்சி ஆள் வருவார்.
மாமனார் போய் ஒன்பது வருஷம்,
ரசீதில் இன்னும் அவர் பெயர்தான்.
வாசலில் சைக்கிளைச் சாய்த்து
"கலியபெருமாள்!" என்று கூப்பிடுவார்.
"அவர் இல்லீங்க, நான் மருமகன்"
என்று சொல்லிக்கொண்டே போவேன்.

இந்த மாசியில் மாடியில் இருந்தேன்.
கிள்ளிய தளிரின் பால் விரலில் பிசுபிசுத்தது.

"கலியபெருமாள்!"

"தோ வரேன்" என்றேன்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கும்போது
உத்திரம் தாழ்ந்த அந்த ஏழாவது படியில்
தலை தானாகக் குனிந்தது.