வாளிக் கணக்கு

ஆகஸ்டில் நிலக்கரி அடிமாட்டு விலை.
முதல் பனி விழுந்துவிட்டால்
அதே கரிக்கு மாப்பிள்ளை முறுக்கு வந்துவிடும்.
அதனால்தான் கழுத்தில் வியர்வை வழிய
கூடி நின்று குளிரைப் பற்றிப் பேசினோம்.

ஐந்து வீடு, ஒரு கமாஸ் லாரி.
பணம் திரட்டுவது என் பொறுப்பு,
பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள் என்பதால்.
பெய்ஷென் முழுதாகக் கொடுத்தான்.
மிர்சகன் பாதி கொடுத்தான்; மீதிக்கு
ஒரு செம்மறியைக் கயிற்றோடு கொண்டுவந்து
என் வாசலில் கட்டிவிட்டுப் போனான்.
விற்கும்வரை இரண்டு நாள்
என் கோஸ் பாத்தியைத் தின்றது அது.
அதையும் அவன் பெயரில் எழுதினேன்.

லாரி வந்தது நள்ளிரவில்.
ஓட்டுநர் இறங்கவில்லை, என்ஜினை அணைக்கவில்லை.
"பத்து டன். எடைச்சீட்டு இருக்கு."
பின்பலகை திறந்ததும்
நரின் நகரத்து எங்கள் சந்து முழுக்க ஒரே இருமல்.
நாய்கள்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குரைத்தன.

விடிந்தபின் தெரிந்தது:
மேலே ஆட்டுத்தலை அளவில் கட்டிகள்,
அடியில் தூள்,
தூளுக்கும் அடியில் ஈரம்.
எடை ஏறத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.
"ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
தண்ணீரை டன் கணக்கில் வாங்கியிருக்கிறோம்"
என்றாள் கலீச்சா.
சிரித்தது அவள் மட்டும்தான்.

பங்கு போட ஒரே வாளி, என் தகர வாளி.
கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது.
வீட்டுக்குக் கட்டி தொண்ணூறு, தூள் ஐம்பது.
வாளிக்கு ஒரு கோடு நோட்டில்,
ஐந்தாவது குறுக்கே, வேலி அடைப்பதுபோல்.
கலீச்சாவின் தொண்ணூறாவது கட்டி வாளி நிறைந்தபோது
மழை பிடித்தது.
எல்லோரும் தார்ப்பாய் தேடி ஓடினார்கள்.
கோடு போட்டேன்.
வாளி என் கொட்டகைக்குப் போனது.
ஏன் என்று கேட்டிருந்தால்
கணக்கு எழுதிய கூலி என்றிருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
எங்கள் சந்தில் வீட்டு நிலவரத்தைக்
கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.
பெய்ஷென் வீட்டுப் புகை தடித்து நிமிர்ந்து நிற்கும்.
மிர்சகன் வறட்டி கலந்து எரிக்கிறான், புகை மஞ்சள்.
கலீச்சா வீட்டில்
இரண்டு நாளாக ஒன்றுமேயில்லை.

அந்த ஒரு வாளி
என் கணப்பில் என்றைக்கோ எரிந்து,
சாம்பலாகி,
கால் வழுக்காமலிருக்க வாசலில் தூவியும் ஆயிற்று.
அதன்மேல் நடந்துதான் போனேன்,
பொறுக்கியெடுத்த நல்ல கட்டிகளோடு.

கதவில் பூட்டு.
பிஷ்கெக்கில் தம்பிக்குக் கல்யாணமாம்,
எதிர்வீட்டுப் பையன் சொன்னான்.
திருப்பி எடுத்துப் போகலாமென்றால்
பூட்டிய வீட்டிலிருந்து கரியோடு இறங்குகிறவளை
என்னவென்று சொல்வார்கள்?
வைத்துவிட்டு வந்தேன்.
இரவில் பனி
வாளிக்கு ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி மாட்டிவிட்டது.

பத்து நாள் கழித்து அவள் கூரையில் புகை.
வாளி என் வாசலில் இருந்தது,
கழுவி, கவிழ்த்து.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி ஆகஸ்ட். நோட்டோடு போனேன்.
கலீச்சா தன் பங்கை மேசைமேல் எண்ணி வைத்தாள்.
பிறகு தனியாகக் கொஞ்சம் சில்லறை.
"இது எதுக்கு?"
"போன வருஷம் தொண்ணூற்றொரு வாளி எரிச்சேன்."
"தொண்ணூறுதான். கோடு இருக்கு."
"உன் நோட்டில் தொண்ணூறு. வாசலில் ஒண்ணு."
அவள் முகத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன்.
தெரிந்து சொல்கிறாளா?
தேநீர் ஊற்றினாள். ஜாம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

எந்தப் பத்தியில் எழுதுவது இந்த இருபது சோமை?
வரவா, கடனா?
இன்னும் கோட்டுப் பையில்தான் கிடக்கிறது,
நடக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டு.

லாரியை இந்த முறை பகலில் வரச் சொல்லியிருக்கிறேன்.
கோடு போட மிர்சகன் வரட்டும்.
வாளியை மட்டும் நான் தருகிறேன்.