அக்கட்டால

சங்ககிரி பைபாஸில் மூன்றாவது ஷெட் என்னுடையது.
கேபினை முன்னால் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.
இன்ஜினின் பிடரியில் பங்குனி வெயில்.

ஆயிலில் தண்ணீர்.
டிப் ஸ்டிக்கைத் துடைத்த துணியில்
பழுப்பு நுரை.
ஹெட்டைத் தூக்கியாக வேண்டும்.
இருபத்தாறு போல்ட்டு, எனக்குப் பயமில்லை.
இரும்பு பொய் சொன்னால் சத்தத்தில் தெரிந்துவிடும்.
ஒயர் அப்படியில்லை,
உள்ளே அறுந்திருந்தாலும்
வெளியே நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும்.

சவுகத் வராமல் ஒயரிங்கில் கை வைப்பதில்லை நான்.
சவுகத் பவானியில்
மச்சினிச்சி கல்யாணப் பந்தியில் நிற்கிறான்.
போனில் சட்டிச் சத்தத்துக்கு நடுவே கத்தினான்:
"வெட்டிராதண்ணா. இழுத்துராத.
ஒவ்வொண்ணாக் கழட்டி
அக்கட்டால தூக்கிக் கட்டிரு, போதும்."

ஹெட்டின் நீளத்துக்குக் கிடக்கிறது அந்தக் கட்டு,
என் மணிக்கட்டுக் கனம்.
கப்ளரின் நாக்கை நெம்பக் கூடாது,
நகத்தால் அழுத்த வேண்டும்.
ஆறு லட்சம் கிலோமீட்டர் வெந்த பிளாஸ்டிக்.
முதல் நாக்கு அப்பளமாய் உடைந்தது.
அடுத்ததற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அடையாளத்துக்கு நெம்பர் எழுதப் போனேன்.
"நெம்பரு மறந்துருமுங்க" என்று
பேனாவை வாங்கிக்கொண்டார் டிரைவர் அர்த்தநாரி.
பேப்பர் டேப்பில் அவரே எழுதி ஒட்டினார்.
முதல் இன்ஜெக்டருக்கு ஓசூர்.
பிறகு தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம்,
ஆறாவதற்குக் கோலாப்பூர்.
ரெயில் பிரஷருக்குச் சத்தாரா.
கேம் சென்சாருக்கு, பாய் கடை.
"அது எந்த ஊருங்க?"
"தாவணகெரே தாண்டி. டீ நல்லாருக்கும்."

தெர்மோஸ்டாட் பக்கம் இன்னொரு கிளை இருந்தது.
அதன் கப்ளர் எதிலும் மாட்டியிருக்கவில்லை.
வாயில் பாலிதீன் சுற்றி,
ரப்பர் பேண்டு போட்டு,
பின்னால் மடித்துக் கட்டியிருந்தது.
தானாய்க் கழன்ற ஒயர்
தன்னை இப்படி மடித்துக் கட்டிக்கொள்ளாது.
எதிரே சூடு பார்க்கும் சென்சார்,
இரண்டு பின்னிலும் பச்சை பூத்து.

காலையில் வண்டியை உள்ளே விடும்போது
டேஷ் போர்டில் ஒரு பாப்பா ஸ்டிக்கரைப் பார்த்தேன்.
அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.
அதற்கு அடியில்தான் விளக்கு.

"இதுக்கு என்ன ஊருங்க?" என்றேன்.
அர்த்தநாரி டேப்பைக் கிழிக்கவில்லை.
"ராத்திரி பூரா கத்துதுங்.
கம்பட்கி காட்டுல ஏறயில நாயாட்ட.
நிறுத்துனா லோடு லேட்டு, லேட்டுனா வாடகைல புடிப்பாங்க.
அதான், கொஞ்ச நாளைக்கு அக்கட்டால..."

அப்போதுதான் ஓனர் கூப்பிட்டார்.
தெய்வாத்தா அக்கா,
மூன்று டியூ பாக்கி,
நகையெல்லாம் ஏற்கெனவே இந்த வண்டிக்குள்.
ஒயரிங் கட்டை அர்த்தநாரி கையில் கொடுத்துவிட்டு
போனைத் தோளில் இடுக்கினேன்.
தலைக்கு மேல் ஏந்தியபடி நின்றார் அவர்.
கையை இறக்கவும் முடியாது,
அந்தப் பக்கம் போகவும் முடியாது.

"ஏனுந் தம்பி, எதனால ஆச்சு?"

கேஸ்கட் போயிருக்குங்கக்கா என்றேன்.
ஹெட்டைத் தூக்கினால்தான் மிச்சம் தெரியும் என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.
"நல்ல டிரைவர் தம்பி அவன், வெயில்ல நிக்க வெக்காத"
என்று வைத்துவிட்டார்.

பழைய சைக்கிள் டியூப்பைக் கீற்றாய்க் கிழித்தேன்.
முனை குத்தாமல், மடிப்பு விழாமல்
கேபின் கம்பியில் தூக்கிக் கட்டினேன்.
அர்த்தநாரியின் கை
சற்று நேரம் மேலேயே நின்று பிறகு இறங்கியது.

காற்றில் ஓசூரும் ஹூப்ளியும் உரசிக்கொண்டன.
ஒரு துண்டு டேப் கிழித்து
பேரில்லாத அந்த ஒன்றில்
நானே எழுதி ஒட்டினேன்:
சங்ககிரி.

படித்தார்.
ஒன்றும் சொல்லாமல்
செயின் பிளாக்கை இழுக்க
எனக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.