பொறுக்கி எடுத்தவை

தோ பாயோ எட்டாம் லோரோங்கில்
இழுப்பறைகளே சுவரான கடை.
மேடம் சியூ எழுதித்தந்த சீட்டை நீட்டினேன்.
வீட்டில் கறுப்புக்கோழி
பனி விட்டுக்கொண்டிருந்தது.

கைத்தராசின் ஒற்றைத் தட்டிலிருந்து
இளஞ்சிவப்புத் தாளில் இறங்கின
சிவப்புப் பேரீச்சை, கோஜி,
கடைசியாக டாங் குவெய்.
மழைக்காலத்தில் மூடிக்கிடந்த அலமாரியின் வாசம்.

"யாருக்கு?"
"வீட்டுக்காரருக்கு. வால்வு மாற்றி நாலு மாசம்."
"மாத்திரை?"
பாலிகிளினிக் உறையைத் திருப்பிக் காட்டினேன்.
வார்ஃபரின்.

அவள் பேசவில்லை.
அரிசியில் கல் பொறுக்குகிறவள்போல
டாங் குவெய்யைத் துண்டு துண்டாய் எடுத்தாள்.
கொஞ்சம் யோசித்துக் கோஜியையும்.
தூள் ஒட்டியிருக்கிறது என்று
தாளையே மாற்றினாள்.

"நல்ல சரக்குதான்.
அந்த மாத்திரையோடு ஒரே வயிற்றில் வேண்டாம்.
ரத்தம் நிற்காது.
மிச்சத்தையும் டாக்டரிடம் காட்டு."
பேரீச்சைக்கு மட்டும் காசு வாங்கினாள்.

புளோக்குக் கீழே
மின்தூக்கிக்குக் காத்து நிற்கையில்தான்
தேக்காவில் வாங்கிவந்து
இரவுதோறும் நான் காய்ச்சித்தரும் அதிமதுரம்
நினைவுக்கு வந்தது.
இருமலுக்கு. கூடவே மஞ்சள், தாராளமாய்.
டாக்டர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
வீட்டுச் சாமான்தானே,
அஞ்சறைப்பெட்டியை யார் மருந்துச்சீட்டில் எழுதுகிறார்கள்?

அவள் கடையிலும்
மூன்றாம் வரிசை இழுப்பறையில்
அதே மஞ்சள் வேர்
சீவிக் கிடந்ததே.

மின்தூக்கி திறந்தது.
உள்ளிருந்தவர் கதவைப் பிடித்தபடி
"மேலேயா?" என்றார்.
இல்லை என்று சொல்லிவிட்டு
கடை அடைப்பதற்குள் ஓடினேன்.